ஊசிக்கு முன்னும் பின்னும்

மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய்க்கொண்டிருந்ததை அப்பா மூன்று வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்கு வந்ததையும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று நினைத்துத் தினமும் இளநீர் வாங்கிக் குடித்திருக்கிறார். கண் மஞ்சளாக இருப்பதை ஒருநாள் காலை வாசல் வெளிச்சத்தில் அம்மாதான் பார்த்தாள். மஞ்சள் காமாலை என்றால் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் அடுத்து என்ன நடக்குமோ அது நடந்தது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். எண்ணெயை நிறுத்தினோம், உப்பைக் குறைத்தோம். பக்கத்து வீட்டு அத்தை தன் மகனுக்குப் பத்தே நாளில் சரியானதாகச் சொன்னார். அது உண்மையும்கூட. அந்தப் பையனுக்கு வந்தது வைரஸ் காமாலையாக இருந்திருக்கும். பெரும்பாலும் அது தானாகவே வடிந்துவிடும்.

அப்பாவுக்கு வந்தது வேறு. பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் கல்லீரலுக்குள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது. மலத்துக்குப் பழுப்பு நிறம் கொடுப்பதே பித்தம்தான். அது குடலுக்கு வராவிட்டால் மலம் வெளுக்கும். ரத்தத்தில் ஏறிய நிறமி சிறுநீரில் இறங்கி அதைக் கறுக்க வைக்கும். கூடவே அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி உடம்பெல்லாம் பரவும் அரிப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் திண்ணையில் உட்கார்ந்து மரச்சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருப்பார். விடிந்தால் பனியன் முதுகில் ரத்தக்கோடுகள் இருக்கும். வெளுத்த மலம், கறுத்த சிறுநீர், அரிப்பு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது அடைப்புக் காமாலையாக இருக்கலாம், அன்றைக்கே ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் டாக்டர் இல்லை, பள்ளியில் வேதியியல் எடுப்பவள். தேங்கிய பித்தத்தை வடிக்க அப்பாவின் கல்லீரலுக்குள் போட்ட ஊசியைப் பற்றி இந்தப் பதிவில் எழுதுவதெல்லாம் அந்த ஐந்து வாரத்தில் டாக்டர்களிடம் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவை.

பிலிருபின் 19.4 வந்தது. சாதாரணமாக 1-ஐ ஒட்டித்தான் இருக்கவேண்டும். ஸ்கேனில் கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளங்கள் எல்லாம் வீங்கியிருந்தன. வலது நாளமும் இடது நாளமும் ஒன்றுசேரும் கவட்டையில் அடைப்பு.

முதலில் போன மருத்துவமனையில் ஈஆர்சிபி செய்தார்கள். வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, குடலுக்குள் பித்தநாளம் திறக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, கீழிருந்து மேலே போகிற முறை. பெரும்பாலான அடைப்புகளுக்கு அதுதான் முதல் வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்பாவின் அடைப்பு உச்சியில் இருந்தது. எக்ஸ்ரேயில் நாளம் தெரிவதற்காகச் செலுத்தும் டை மேலே ஏறியது, அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற குழாய் ஏறவில்லை. அரைமணி நேரம் முயன்றுவிட்டு வெளியே வந்தார்கள். அன்று இரவு அப்பாவுக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் வந்தது. பல் கிடுகிடுத்தது. மூன்று கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. தேங்கிய பித்தத்தில் கிருமி இருக்கும். அடைப்புக்கு மேலே டையைச் செலுத்திவிட்டு அது வடிய வழி செய்யாமல் வந்தால், ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருக்கும் நாளத்தில் அழுத்தம் இன்னும் கூடும். சுமார் 25 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டினால் பித்தத்தில் இருக்கும் கிருமியும் அதன் நஞ்சும் கல்லீரலின் ரத்தக்குழாய்களுக்குள் பின்வாங்கி ஏறிவிடும். அந்தக் குளிர் ஜுரம் அப்படி வந்தது. முயன்றதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டென்ட் ஏறாவிட்டால் அடுத்து என்ன, யார் செய்வார்கள், எத்தனை மணி நேரத்துக்குள் என்று முன்பே ஒரு ஏற்பாடு இருந்திருக்கவேண்டும். அது அங்கே இல்லை. “மதுரைக்குக் கொண்டு போயிருங்க” என்று விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

மதுரையில்தான் பிடிபிடி என்ற வார்த்தையை முதன்முதலாகக் கேட்டேன். விலா எலும்புகளுக்கு இடையே ஊசியை விட்டு, கல்லீரலைத் துளைத்து, அதற்குள் ஓடும் பித்தநாளத்தைத் தொட்டு, டை செலுத்திப் படமெடுப்பது பிடிசி. அதே துளை வழியாக டியூபையும் வைத்துப் பித்தத்தை வெளியே வடிய விடுவது பிடிபிடி. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, பித்தம் வயிற்றுக்குள் கசிதல், நுரையீரல் உறையில் காற்று, மரணம். அப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக 31 வருஷம் இருந்தவர். கம்பத்தில் ஏறுவதற்கு முன் லைன் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று மூன்று தடவை கேட்பார். முழுவதையும் கேட்டுவிட்டு, “ஊசி எத்தனை நீளம் இருக்கும் தாயி?” என்றார்.

அங்கிருந்த இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகச் சிகிச்சை செய்பவர், அதை அப்பாவிடமே காட்டினார். உறையைப் பிரிக்காமல், வெளிச்சத்தில் பிடித்து. 15 செ.மீ. நீளம், 0.7 மி.மீ. பருமன். “ஐயா, இதைவிடத் தடியான ஊசியிலதான் உங்களுக்கு டெய்லி ரத்தம் எடுக்கிறாங்க” என்றார். அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்த மெல்லிய ஊசிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. கல்லீரல் வழியாகப் பித்தநாளத்துக்கு ஊசி போடும் யோசனை முதலில் வெளியானது 1937-இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஹனோயில். பியர் ஹுவார் என்ற பிரெஞ்சு மருத்துவரும் டோ சுவான் ஹோப் என்ற வியட்நாமிய மருத்துவரும் சேர்ந்து எழுதினார்கள். கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துச் செய்த லிப்பியோடால்தான் அவர்கள் செலுத்திய டை. வழி சரியானதுதான். ஊசிதான் பிரச்சினை. பிறகு வந்த ஆண்டுகளில் பயன்படுத்திய ஊசிகள் தடிமனானவை. உருவி எடுத்ததும் அந்தத் துளை வழியாகப் பித்தம் வயிற்றுக்குள் கசியும், ரத்தமும் கசியும். அதனால் ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு, படம் எடுத்த கையோடு வயிற்றைத் திறந்துவிடும் வழக்கம் இருந்தது. நிலைமை மாறியது ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில். அங்கே உருவான மெல்லிய, வளையக்கூடிய ஊசியைக்கொண்டு செய்த பிடிசி பற்றிக் குனியோ ஒகுடாவும் அவருடைய குழுவினரும் 1974-இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சோதனையை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவந்தது. நோயாளி மூச்சு விடும்போது கல்லீரல் மேலும் கீழும் அசையும். விறைப்பான ஊசி அந்த அசைவில் கல்லீரலைக் கிழித்துவிடும். சிபா ஊசி கூடவே வளைந்து கொடுக்கும். இன்றைக்கும் உலகம் முழுக்க அதன் பெயர் சிபா ஊசிதான்.

ஊசியைக் கண்டு பயந்துகொண்டிருந்த நாங்கள், அசல் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கவனிக்கத் தவறினோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் ஊசிக்கு முன்னால். அப்பாவின் ஐஎன்ஆர் 2.3 இருந்தது. ரத்தம் உறைய வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கிறது என்று பொருள். கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று நான் பதறினேன். காரணம் அதைவிட எளியது. வைட்டமின் கே கொழுப்பில் கரைவது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் சாப்பாட்டில் இருக்கும் அந்த வைட்டமின் உடம்பில் சேராது. அது இல்லாமல் கல்லீரலால் ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் சிலவற்றைச் சரியாகச் செய்யமுடியாது. நாங்கள் வேறு பத்தியம் என்று மூன்று வாரம் எண்ணெயையே நிறுத்தியிருந்தோம். வைட்டமின் கே ஊசி போட்டார்கள். மறுநாள் 1.4-க்கு இறங்கியது. இந்த மாதிரி வேலைகளுக்கு ஐஎன்ஆர் 1.5, அதிகம் போனால் 1.8-க்குள்ளும், பிளேட்லெட் 50,000-க்கு மேலும் இருக்கவேண்டும் என்று பார்க்கிறார்கள். அப்பாவுக்கு ஜுரம் இருந்ததால் அதற்கு மேல் காத்திருக்கவும் முடியாது. கிருமியை வடிக்காமல் வைத்திருப்பது ஊசி போடுவதைவிட ஆபத்து.

மாத்திரைகளையும் கேட்டார்கள். இதயத்துக்காக க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறாரா, ஆஸ்பிரின் உண்டா, வார்ஃபரின் உண்டா என்று. க்ளோபிடோக்ரெல் என்றால் அவசரமில்லாத நிலையில் வழக்கமாக 5 நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்த இதய நோயாளிகள் இதய டாக்டரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது. வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவில் நீர் இருந்தால் துளையை அழுத்தி அடைக்க எதுவும் இருக்காது. கசிவு கூடும். அப்பாவுக்கு அது இல்லை. அயோடின் டைக்கு முன்பு ஒவ்வாமை வந்திருக்கிறதா என்று கேட்டார்கள், அதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள்.

அறைக்குள் என்னை விடவில்லை. உள்ளே நடந்ததை அப்பா சொன்னதும், மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் படங்களை ஓட்டிக் காட்டியதும் சேர்த்துத்தான் எனக்குத் தெரியும். வலது பக்க விலாவில் மரத்துப்போகும் ஊசி. “அதுதான் தாயி சுர்ருன்னுச்சு. மத்தது அழுத்துற மாதிரிதான் இருந்துச்சு” என்றார் அப்பா. எந்த இடத்தில் குத்துகிறார்கள் என்பதில் நிறைய இருக்கிறது. நுரையீரலின் உறை பக்கவாட்டில் பத்தாவது விலா எலும்புவரை இறங்கியிருக்கும். அதற்கு மேலே குத்தினால் உறையைத் துளைத்துத்தான் போகவேண்டும். காற்றோ பித்தமோ நெஞ்சுக்குள் சேரலாம். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதனால் எலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் ஊசி போகும். இடது பக்கக் கல்லீரல் என்றால் நெஞ்செலும்புக்குக் கீழே, முன்பக்கமாக, ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடுவார்கள்.

டாக்டர் காட்டிய படத்தில் ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊசியைக் கல்லீரலுக்குள் விட்டு, மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே துளித்துளியாக டை விடுகிறார்கள். ஒரு தடவை டை தெரிந்த மாத்திரத்தில் மேல்நோக்கி ஓடி மறைந்துவிட்டது. “அது இதயத்துக்குப் போற சிரை” என்றார். இன்னொரு தடவை ஓரங்களைப் பார்த்துக் கிளைகிளையாக ஓடிக் கரைந்தது. அது குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய். மூன்றாவது தடவை டை ஓடவில்லை. சூடான மெழுகு இறங்குகிற மாதிரி மெல்ல மெல்ல நடுப்பக்கம் இறங்கி, அங்கேயே நின்றது. “இதுதான் நமக்கு வேணும்” என்றார். வேர் மாதிரி விரிந்திருந்தது. கவட்டையில் வந்து கத்தரித்த மாதிரி முடிந்தது.

படம் அழகாக வரவேண்டும் என்று டையை நிறையச் செலுத்தக்கூடாது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். முதலில் பித்தத்தை உறிஞ்சி வெளியே எடுக்கவேண்டும். எடுத்த அளவைவிடக் குறைவாகத்தான் டை போகவேண்டும். முதல் மருத்துவமனையில் நடந்ததும் இங்கே நடக்காமல் பார்த்துக்கொண்டதும் ஒரே அழுத்தக் கணக்குதான். அடைப்பைத் தாண்டிக் கம்பியை விடலாமா என்று பார்த்தார்களாம். ஜுரம் இருக்கும்போது உள்ளே அதிகம் குடையவேண்டாம் என்று விட்டுவிட்டு, வெளியே வடிகிற டியூபை மட்டும் வைத்தார்கள். 8 பிரெஞ்ச் அளவு. மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர் என்பதால் கிட்டத்தட்ட 2.7 மி.மீ. அதாவது 0.7-இல் தொடங்கிய துளை 2.7-க்குப் பெருக்கப்பட்டு, அதற்குள் ஒரு குழாய் வாரக்கணக்கில் உட்காரப்போகிறது.

இந்த வித்தியாசம் எண்ணிக்கையிலும் தெரிகிறது. அமெரிக்காவின் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி சங்கம் 2010-இல் வெளியிட்ட தர வழிகாட்டுதலில், படம் மட்டும் எடுக்கும்போது பெரிய சிக்கல் 100-க்கு 2 என்று கொடுத்திருக்கிறார்கள். டியூப் வைக்கும்போது ரத்தத்தில் கிருமி ஏறுவது 2.5 சதவீதம், ரத்தக்கசிவு தனியாக 2.5, சீழ்க்கட்டி மாதிரியான தொற்றுகள் 1.2, நெஞ்சுறைச் சிக்கல் 0.5, மரணம் 1.7. நாளம் வீங்கியிருந்தால் 95 சதவீதம் பேருக்குப் படம் கிடைக்கவேண்டும், வீங்காவிட்டால் 65 சதவீதம் போதும் என்கிறது அதே வழிகாட்டுதல். மெல்லிய நாளத்தைத் தேடி நிறையத் தடவை குத்தவேண்டி வரும் என்பதை அந்த 65 சொல்கிறது. பித்தப்பை ஆபரேஷனில் நாளம் அறுந்து கசிகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நிலைதான்.

இன்னொரு எண்ணையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 2001-லிருந்து 2014 வரை புற்றுநோய் அடைப்புக்காக இந்த டியூப் வைக்கப்பட்ட 16,822 பேரைப் பற்றிய ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.1 சதவீதம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் அதை நிதானமாகப் படிக்கவேண்டும். அவர்கள் முற்றிய புற்றுநோயோடு, பலர் ஜுரத்தோடு, வேறு வழியில்லாமல் வந்தவர்கள். நோய் எடுத்த உயிரும் சிகிச்சை எடுத்த உயிரும் அந்த எண்ணில் கலந்தே இருக்கின்றன. எனக்கு அது சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எந்த நோயாளிக்கு, எந்த நிலையில், எதற்காக இதைச் செய்கிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். அரிப்பு நிற்பதற்காகவா, கீமோ கொடுக்க பிலிருபினை இறக்குவதற்காகவா, கிருமியை வடிப்பதற்காகவா? அப்பாவுக்கு மூன்றாவது. அதில் யோசிக்க இடமில்லை.

படத்துக்காக மட்டும் என்றால் இன்றைக்கு இந்த ஊசி பெரும்பாலும் தேவையில்லை. 1991-லிருந்து எம்ஆர்சிபி இருக்கிறது. பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன் அது. ஊசியில்லை, டையில்லை, கதிர்வீச்சும் இல்லை. அடைப்பு எங்கே என்று அது காட்டிவிடும். எம்ஆர்சிபி எடுக்காமலே ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், அவசரமா என்று கேளுங்கள். அவசரமில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

இனி ஊசிக்குப் பின்னால். மாலை ஐந்தரைக்கு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரவு எட்டே முக்காலுக்கு அப்பா, “ஃபேனைக் குறை தாயி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் எழுந்து ஃபேனைக் குறைக்கப் போனேன். பக்கத்துக் கட்டிலுக்கு ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். வயது இருபத்தைந்துகூட இருக்காது. வந்து அப்பாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். ஃபேனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பிபி பார்த்தார். 92. உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, “பிடிபிடி பேஷண்ட், ரைகர் ஆரம்பிக்குது, பிபி இறங்குது” என்றார். ரைகர் என்றால் குளிர் நடுக்கம். ரத்தம் கல்ச்சருக்கு எடுத்தார்கள். சலைன் வேகமாக ஏறியது. பத்து நிமிஷத்தில் குளிர் முழுவீச்சில் வந்தபோது ஆன்டிபயாடிக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கிருமி பிடித்த பித்தத்தைத் தொட்டால் கொஞ்சம் ரத்தத்துக்குள் போகத்தான் செய்யும், முதல் சில மணி நேரம் அதற்காகத்தான் பார்க்கவேண்டும் என்று அந்த சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஃபேனைக் குறைக்கப் போயிருக்கமாட்டேன். விடிவதற்குள் பிபி 108-க்கு வந்துவிட்டது.

முதல் நாள் பையில் வந்தது இளஞ்சிவப்பு கலந்த பச்சை. இரண்டாம் நாள் நல்ல தேன் நிறம். அப்பா தன் பழைய டைரி ஒன்றைக் கேட்டு வாங்கி, வேலையில் மீட்டர் ரீடிங் எழுதிய பழக்கத்தில், தினமும் காலை ஆறு மணிக்குப் பையில் எத்தனை மில்லி என்று குறிக்க ஆரம்பித்தார். 450, 520, 610, 480. ஒரு ஆரோக்கியமான கல்லீரல் நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை பித்தம் சுரக்கும். அது முழுக்க வெளியே போனால் தண்ணீரும் உப்பும் சேர்ந்து போகும் என்று சொல்லி ஓஆர்எஸ் குடிக்கச் சொன்னார்கள். பிலிருபின் 11-க்கு வந்தது. அரிப்பு நாலாவது நாளே பாதியானது. ஏழாவது நாள் வீட்டுக்கு வந்தோம். டியூபை எப்படி அலசுவது என்று காட்டினார்கள். டியூபின் முனையில் இருக்கும் த்ரீ-வே என்ற திருகைத் திருப்பி 10 மில்லி நார்மல் சலைனை மெதுவாக உள்ளே விடவேண்டும், வலித்தால் நிறுத்தவேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டியூபை மாற்றவேண்டும். திங்கட்கிழமை ரிவ்யூ. டிஸ்சார்ஜ் சம்மரியில் இவ்வளவும் இருந்தது. எதைப் பார்த்தால் ஓடிவரவேண்டும் என்பது மட்டும் இல்லை.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. காலையில் பையில் 70 மில்லிதான் இருந்தது. சாயங்காலம் டியூபில் சிவப்பு இறங்கியது. இளஞ்சிவப்பு இல்லை, சமையலில் விரல் வெட்டினால் வருகிற சிவப்பு. சம்மரியில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். “லேசா ரத்தம் கலந்து வர்றது நார்மல்தாம்மா, சலைன் விட்டுப் பாருங்க, திங்கட்கிழமை வரப்போறீங்கல்ல” என்றார். முதல் நாள் இளஞ்சிவப்பாக வந்ததை நாங்களே பார்த்திருந்தோம். நம்பினோம். ஒரு ராத்திரி சும்மா இருந்தோம். ஞாயிறு காலை அப்பா பாத்ரூம் வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஹீமோகுளோபின் 10.8 இருந்தது 7.6 ஆகியிருந்தது.

கல்லீரலுக்குள் பித்தநாளம் தனியாக ஓடுவதில்லை. ஒரே உறைக்குள் பித்தநாளம், தமனி, குடலிலிருந்து வரும் பெரிய சிரை மூன்றும் ஒட்டிக்கொண்டு ஓடும். நாளத்தைத் தொடும் ஊசியோ டியூபோ தமனியின் சுவரில் ஒரு கீறல் போட்டுவிட முடியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கீறிய இடம் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, சிறு பலூன் மாதிரி ஆகி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து நாளத்துக்குள் உடையும். மையத்தில் இருக்கும் பெரிய கிளைகளை விட்டு ஓரத்துக் கிளையில் குத்துவது இதனால்தான். அப்படிக் குத்தினாலும் சிலருக்கு நடக்கும். அப்பாவுக்கு நடந்தது. ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் ஒரு மிளகு அளவுக்குத் தெரிந்தது. தொடை வழியாகத் தமனிக்குள் போய், அந்த இடத்தில் மெல்லிய பிளாட்டினச் சுருள்களை அடைத்து நிறுத்தினார்கள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். செய்தவர் அதே டாக்டர்தான். ஊசி போட்டவரின் கையில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. என் வருத்தமெல்லாம் அந்தச் சனிக்கிழமைப் போன் அழைப்பில்தான். தெளிந்த தேன் நிறம் வந்த பிறகு மறுபடியும் சிவப்பு வந்தால் அது முதல் நாள் சிவப்பு இல்லை என்று ஒரு வரி டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் எழுதியிருந்தால் போதும். போனை எடுத்தவருக்கும் அந்த வரி தெரிந்திருக்கும், எங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் இப்போது யாராவது என்னிடம் கேட்டால், சாப்பிட்டாரா தூங்கினாரா என்றெல்லாம் நான் விசாரிப்பதில்லை. குளிர் நடுக்கமோ ஜுரமோ வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள் என்கிறேன். பையில் புது ரத்தம் வந்தாலும், திடீரென்று வடிவது நின்றாலும், டியூபைச் சுற்றிப் பித்தம் கசிந்து துணி நனைந்தாலும், வயிறு இறுகி வலித்தாலும், மூச்சு விட்டால் வலது பக்கம் குத்தினாலும், டியூப் ஒரு விரற்கடை வெளியே வந்துவிட்டாலும் நேராகப் புறப்பட்டுப் போங்கள், போனில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். டியூபில் தோல் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். அந்தக் கோட்டு யோசனை அப்பாவுடையது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயாப்ஸியில் பித்தநாளப் புற்றுநோய் என்று வந்தது. ஆபரேஷனுக்கு எட்டாத இடம். அதற்குப் பிறகு அப்பா பதினோரு மாதம் இருந்தார். நான்கு சுற்றுக் கீமோ, என் தம்பி கல்யாணம், ஒரு பொங்கல், மூன்று பேரும் சேர்ந்து போன கழுகுமலை எல்லாம் அந்தப் பதினோரு மாதத்துக்குள். காமாலையோடும் அரிப்போடும் கிருமியோடும் இருந்திருந்தால் அதில் பதினோரு நாள்கூடக் கிடைத்திருக்காது. இந்தச் சிகிச்சையின் ஆபத்துகளை இவ்வளவு நீளமாக எழுதினாலும், மறுபடியும் அதே நிலை வந்தால் அதே படிவத்தில் கையெழுத்துப் போடுவேன்.

ரத்தக்கசிவு அடங்கி, ஜுரம் முழுவதும் போன பிறகு, ஐந்தாவது வாரம் அதே வழியாகப் போய் அடைப்பைத் தாண்டிக் கம்பியை இறக்கி, உலோக ஸ்டென்ட் விரித்தார்கள். இரண்டு நாள் டியூபை மூடிவைத்துப் பார்த்தார்கள். ஜுரம் வரவில்லை, கசியவில்லை. மூன்றாம் நாள் படம் எடுத்துப் பார்த்தபோது டை குடலுக்குள் இறங்கி ஓடியது. டியூபை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னப் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டினார்கள். அப்பா பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டைரியில் அன்றைய தேதிக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

மறுநாள் காலை அம்மா காப்பி வாங்கப் போயிருந்தாள். பாத்ரூமுக்குள்ளிருந்து அப்பா என்னைக் கூப்பிட்டார். விழுந்துவிட்டாரோ என்று பதறி ஓடினேன். கதவை லேசாகத் திறந்து, வெளியே தலையை மட்டும் நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பழுப்பாப் போயிருக்கு தாயி. வந்து பாக்கியா?”